புகைக்கூண்டின் கயிறு

உட்கார்ந்து யோசிக்கத் தெரியாதவன் நான். நாற்காலியில் அரை மணி நேரம் இருந்தால் முழங்கால் தானாக ஆடத் தொடங்கும். மேசைமேல் மைக்கூடு நடுங்கும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது வேலை. பகல் முழுதும் பிறர் வரிகளுக்குள் குனிந்து கிடந்துவிட்டு ஐந்து மணிக்கு வெளியே வந்தால், கால்கள் என்னைக் கேட்காமல் புறப்பட்டுவிடும். ஒருநாள் டோபி காட், ஒருநாள் கடற்கரை, ஒருநாள் காலாங் பாலம். மழை பிடித்துக்கொண்டால் கடைவீட்டு முகப்புகளில் கூரையோடு போகும் ஐந்தடிப் பாதைகளுக்குள்ளேயே நடப்பேன். எனக்கு வந்த நல்ல வரிகளில் பாதி நடையில் வந்து, வீடு சேர்வதற்குள் தொலைந்தவை.

ஐம்பதுகளின் நடுவில், காலாங் விமான நிலையத்தை மூடிப் பாய லேபாருக்குக் கொண்டுபோன சமயம், இந்த நடைக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. எங்கள் வாசக வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். கதையையும் கவிதையையும் பேசிப் பேசி எல்லோருக்கும் வாய் ஓய்ந்துபோன ஒரு மாலையில் வாத்தியார்தான் ஆரம்பித்தார். கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் பூகோளம் நடத்துகிறவர்.

“கவிஞரே, நீங்க எப்படியும் சும்மா சுத்தத்தான் போறீங்க. எங்களையும் கூட்டிட்டுப் போங்க லா. அங்கங்க நிறுத்தி நாலு விஷயம் சொல்லுங்க.”

“என் வேகத்துக்கு வருவீங்களா மாஸ்டர்?”

“நான் ஞாயித்துக்கிழமை அஞ்சரைப் பூசைக்கு எந்திரிக்கிற ஆளு. நீங்க எந்திரிப்பீங்களான்னு முதல்ல பாருங்க.”

அப்படித் தொடங்கியது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி, தேக்கா சந்தை வாசல். நான் முன்னால் நடப்பேன், அவர்கள் பின்னால். எருமைகள் கிடந்த குட்டைகள் ஒரு மாதம், செங்கல் சூளைகள் ஒரு மாதம். மூன்றாவதாக நான் எடுத்துக்கொண்டது பலூன்.

ஸ்டாம்ஃபோர்ட் சாலை நூலகத்தில் வேறெதையோ தேடப்போன இடத்தில் கண்ணில் பட்டது அது. விமானம் என்ற பேச்சே வருவதற்கு முன்னால், போன நூற்றாண்டின் கடைசியில், பலூன்காரர்கள் கப்பலேறி வந்திருக்கிறார்கள். மடித்த துணி ஒரு பெட்டியில், பாராசூட் இன்னொரு பெட்டியில். கல்கத்தா, மதராஸ், ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், பத்தாவியா என்று துறைமுகம் துறைமுகமாக இறங்கி, ஊரிலேயே பெரிய திடல் எதுவோ அங்கே மேலே போய்க் காட்டிவிட்டு, அடுத்த கப்பலைப் பிடித்துவிடுவார்கள். இங்கே அந்தத் திடல் பழைய குதிரைப் பந்தய மைதானம். குதிரைகள் வேறு இடத்துக்குப் போய், ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாக்கியும் பந்தும் ஆடும் ஃபேரர் பார்க்காக அது மாறியிருந்தது.

வெறும் புல்லில் நின்று நான் விவரித்தேன். தரையில் ஒரு பள்ளம். பள்ளத்தில் வைக்கோல், விறகு, மண்ணெண்ணெய். இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவே துணியின் உச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். சூடும் புகையும் ஏற ஏற, துவண்டு தொங்கிய துணி மெல்ல வயிறு வைக்கும். வயிறு வைத்த பிறகு அதற்குத் தரை பிடிக்காது. அதனால் சுற்றிலும் முப்பது பேர் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். உத்தரவு வரும்வரை பிடி. வந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் விடு. மேலே போகிறவனுக்குத் தொட்டில் கிடையாது, கூடை கிடையாது. துணிக்குக் கீழே ஊஞ்சல் கட்டை மாதிரி ஒன்று தொங்கும். அதில் உட்கார்ந்து போவான். போதுமான உயரம் போனதும் பாராசூட்டோடு குதிப்பான்.

“கயிறு புடிச்சது யாரு?” என்று வாத்தியார் கேட்டார். எனக்கு வேண்டிய கேள்வி அதுதான்.

“நம்ம ஆளுங்கதான். ரோட்டுல கல்லு உடைச்சவங்க.”

பிறகு என் நடிப்பு தொடங்கியது. நானே துணியானேன், மேலே போகப்போகிற, மீசை முறுக்கும் துரையும் நானே ஆனேன். பாண்டு வாத்தியம் முழங்குகிறது. சீமாட்டிகள் விசிறுகிறார்கள். உத்தரவு இன்னும் வரவில்லை. முப்பது பேரில் ஒருவன், ஒரே ஒருவன், கயிற்றை விட்டுவிட்டான்.

“ஏன் விட்டான்? மூக்கு அரிச்சுதோ என்னமோ!”

அவன் பக்கம் தூக்கிக்கொள்ள, துணி கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன்போல் ஒருக்களித்து, மற்றவர்கள் கையையும் அறுத்துக்கொண்டு கிளம்பியது. துரை தலைகீழாக. தொப்பி இங்கே, பூட்ஸ் அங்கே. கூரை தட்டி, மரம் தட்டி, ரோச்சோர் காய்கறித் தோட்டங்களுக்கு மேலே தாழப் பறந்து, காலாங் சதுப்பில் போய்ச் செருகிக்கொண்டது. நான் புல்லில் விழுந்து காட்டினேன். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அச்சகத்திலிருந்து வந்திருந்த எழுத்துக்கோப்பவர், “அண்ணே, இன்னொரு தரம் விழுங்க” என்றார். விழுந்தேன்.

நடை முடிந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மாள் எங்கள் மேசையருகே வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஆயாக்கள் உடுத்தும் வெள்ளைச் சேலை, கையில் காலி அடுக்குத்தூக்கு. பக்கத்துப் பிரசவ மருத்துவமனையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர், திடலில் சிரிப்புச் சத்தம் கேட்டு நின்றிருக்கிறார். அங்கிருந்து எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார்.

“தம்பி, அந்த மூக்கு அரிச்ச ஆளு எங்கப்பா.”

வாத்தியார் கோப்பையைக் கீழே வைத்தார், சத்தமில்லாமல்.

“மன்னிச்சுக்குங்க அக்கா. தெரியாம...”

“அதை விடுங்க. நான் சண்டைக்கு வரலை.” நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை. “உங்களுக்கு மத்ததெல்லாம் தெரிஞ்சிருக்கு. தொப்பி எங்க விழுந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கு. அந்தத் துரை செத்தாரா பொழைச்சாரா?”

எனக்குத் தெரியாது.

அதை இன்று எழுதும்போதும் கூசுகிறது. பழைய நாளிதழ்க் கட்டில் அந்தச் செய்தியின் முதல் பத்தியைப் படித்தேன். சதுப்பில் விழுந்தது வரை வந்தேன். சிரிப்புக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கட்டை மூடிவிட்டு நடக்கப் போய்விட்டேன். விழுந்தவன் என்ன ஆனான் என்று ஒரு பக்கம் புரட்டத் தோன்றவில்லை.

அந்த அம்மாள் சொன்னார். அப்பா உயிரோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. அப்பர் டிக்சன் ரோட்டில் மாடியில் ஒரு வாடகை அறை, மகளோடு. துரை விழுந்த அன்றைக்கே ஓடியவர், ஜோகூரில் ஒரு காப்பித் தோட்டத்தில் போய் ஒளிந்திருக்கிறார். காப்பி போய் ரப்பர் வந்த பிறகும் அங்கேயே இருந்திருக்கிறார். கல்யாணம் அங்கே, பிள்ளை அங்கே. கடல்தாண்டி ஊரில் இருந்த தாய்க்கு ஒரு கடிதம் போடவில்லை. போட்டால் பிடித்துவிடுவார்கள் என்று பயம். ஜப்பான்காரன் போன பிறகு, மனைவியும் போய்விட்டதால், மகளான இவர்தான் இங்கே அழைத்து வந்திருக்கிறார். வந்து பத்து வருஷம். திடல் நடக்கிற தூரத்தில்தான். ஒருநாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

“அவரு அந்தாளைக் கொன்னுட்டதாவே இருக்காரு தம்பி. ஆடி அமாவாசை வந்தா கடல்ல இறங்கி எள்ளும் தண்ணியும் விடுவாரு. தாத்தாவுக்குன்னு நெனச்சேன். ஒரு வருஷம் கேட்டேன். துரைக்குன்னாரு.”

எனக்குத் தெரிந்து எந்த வெள்ளைக்காரனுக்கும் யாரும் எள் விட்டதில்லை. மேசையில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவுமில்லை.

“பார்த்துச் சொல்லுங்க,” என்றார். “செத்திருந்தா எப்படிச் செத்தாருன்னு. அது தெரிஞ்சாக்கூடப் போதும்னு ஒருநா சொன்னாரு.”

மறுநாள் அச்சகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனேன். அந்தக் கட்டை மறுபடி எடுத்துத் தரச் சொன்னேன். பழந்தாள் விளிம்பு விரலில் பொடியாக உதிர்ந்தது. முதல் நாள் செய்தி. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. கப்பல் வரவு, மிளகு விலை, கிரிக்கெட். என் முழங்கால் ஆடி மேசை ஆடி, எதிரே இருந்தவர் முறைத்தார். மூன்றாம் நாள் தாளின் அடியில், ஒரு கட்டைவிரல் அளவுக்கு இருந்தது செய்தி.

துரை சாகவில்லை. சேற்றில் இடுப்பு வரை செருகி நின்றவரை மலாய்ப் படகுக்காரர்கள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு கை சுளுக்கு. அன்று மாலையே தங்கியிருந்த ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இன்னும் சில வாரங்கள் தள்ளி, வேறொரு மூலையில், அவர் பத்தாவியாவில் மறுபடி மேலே போனதாக இரண்டு வரி.

கயிற்றை விட்டவரைத் தேடினேன். முதல் நாள் செய்தியில் அரை வரி. கயிறு பிடித்தவர்களில் ஒருவன் முந்தி விட்டதால் என்று ஒரு அரை வரி, அவ்வளவே. பெயர் இல்லை. போலீஸ் இல்லை, வழக்கு இல்லை, தேடுகிறார்கள் என்று எங்கும் இல்லை.

ஓடுவதுபோல் நடந்து பிரசவ மருத்துவமனை வாசலுக்குப் போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிறவனின் நடை அது. அந்த அம்மாள் வெளியே வந்ததும் மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் வேலியோரத் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப எதுக்கு ஒளிஞ்சாரு?”

தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

“எங்க பாட்டி செத்தது ஏழு வருஷம் கழிச்சுத்தான் அவருக்குத் தெரியும். எதுக்கு? அந்தாளு அன்னைக்கே சோறு தின்னுருக்கான். எங்கப்பா அறுவது வருஷமா...” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “சொல்லாதீங்க தம்பி. உசிரோட இருந்த ஆளுக்கா எள்ளுத் தண்ணி விட்டேன்னு அது வேற ஒரு பாவமா ஏறிக்கும். செத்துட்டாருன்னே இருக்கட்டும். அதுக்கு அவரு பழகிட்டாரு.”

“அவரா கேட்டா என்னக்கா செய்றது?”

“கேட்க மாட்டாரு.”

“கேட்டா?”

அவர் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். “கேட்டா உங்க வாய்ல என்ன வருதோ அதைச் சொல்லுங்க. நான் என்ன செய்ய?”

அந்த மாதம் எனக்கு நடை கசந்தது. ஒரே கேள்வியை நாலு திசைக்கும் நடத்திக்கொண்டு போனேன். உண்மை ஒருவரை விடுவிக்கும் என்று எழுதுவது எளிது, நானே எழுதியிருக்கிறேன். விடுதலையாகி வருகிறவர் எண்பது வயதில் வாசலில் நின்று, உள்ளே இருந்த வருஷங்கள் எங்கே என்று கேட்டால்? குற்றம்கூட ஒரு வீடுதான் என்று தோன்றியது. அறுபது வருஷம் குடியிருந்த வீட்டைக் காகிதத் துண்டைக் காட்டி இடிக்கலாமா?

வாத்தியாரிடம் கேட்டேன்.

“சொல்லாதீங்கன்னு அந்தம்மா சொல்லிடுச்சு. நீங்களா போய்ச் சொல்லாதீங்க. ஆனா அவரு வாயைத் திறந்து கேட்டு நீங்க பொய் சொன்னா, அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க. பாவசங்கீர்த்தனம் கேக்க நான் சாமியாரு இல்லை லா.”

அடுத்த மாத ஞாயிறு நடைக்குத் தேக்கா வாசலில் மிதித்து ஓட்டும் மூன்று சக்கர டிரைஷா ஒன்று நின்றது. உள்ளே வெள்ளை வேட்டி, பொத்தானெல்லாம் போட்ட சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் மகள், என்னைப் பார்க்காமல் எதிர்க்கடையின் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு.

“யாரோ இவர்கிட்ட நடையைப் பத்திச் சொல்லிட்டாங்க,” என்றார். “வந்தே தீருவேன்னு நிக்கிறாரு.”

அன்றைய நடைக்கு நான் வைத்திருந்த பொருள் வேறு. யாரும் அதைக் கேட்கவில்லை. டிரைஷாவின் வேகத்துக்கு நாங்கள் நடந்தோம். பஃபலோ ரோட்டில் காய்கறி வண்டிகளுக்கு இடையே அது மெல்ல மெல்லப் போயிற்று. பெரியவர் பக்கவாட்டில் திரும்பவே இல்லை. திடல் வந்ததும் இறங்கினார். கைத்தடி இல்லை. மகளின் தோளையும் தொடவில்லை.

நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றேன்.

“அங்க இல்ல தம்பி,” என்றார். முதல் சொல். “பள்ளம் இந்தப் பக்கம். பந்தயம் பாக்குற கொட்டகை நிழல் விழாத இடமாப் பார்த்து வெட்டுனோம்.” அறுபது எழுபது அடி நடந்து, புல்லில் ஓர் இடத்தைப் பார்த்தார். மேலே பார்ப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் தரையையே பார்த்தார்.

பிறகு திரும்பினார்.

“துரை செத்துட்டாரா தம்பி?”

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று தலை அசையவில்லை. சரி என்றும் இல்லை. எதிர்ப்பக்கம் ஹாக்கி மட்டைகள் ஒன்றோடொன்று மோதின. என் வாயில் இரண்டு பதில்கள் இருந்தன. பொய் நன்றாகச் செதுக்கி வைத்தது. காய்ச்சலில் போனார், வலியில்லாமல் போனார் என்று ஒரு மாதமாக நான் நடந்து நடந்து எழுதியது. உண்மைக்கு அழகே இல்லை.

“இல்லைங்கய்யா. அவரு சாகலை.”

சுளுக்கிய கையைச் சொன்னேன். படகுக்காரர்களைச் சொன்னேன். ஓட்டலைச் சொன்னேன், பத்தாவியாவைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், கடையில் சாமான் பட்டியலைச் சரிபார்க்கிறவர்போல.

“அப்ப என்னை யாரும் தேடலையா?”

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. யாரும் இருக்கவில்லை. அதில் நிம்மதி இல்லை. கோபமும் இல்லை. கல்யாணப் பந்தியில் தன்னைக் கூப்பிடாமல் விட்டுவிட்டார்களே என்று கேட்பவரின் குரல்போல இருந்தது.

“தேடினதா தாள்ல எங்கயும் இல்லீங்கய்யா.”

“மாத்தா வரலை?” போலீஸ்காரரை அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

“வரலைங்கய்யா.”

“காப்பித் தோட்டத்துல ராத்திரி நாய் குலைச்சா நான் பாறை இடுக்குல போய்ப் படுத்துக்குவேன்,” என்றார், யாரிடமும் இல்லாமல். “எத்தனை வருஷம்.”

மகள் ஓரடி முன்னால் வந்தார். வாத்தியார் அவசரமாக, “பெரியவரே, ஒரு கோப்பி குடிச்சிட்டு...” என்றார்.

“இருங்க சார்.” அவர் கை உயர்ந்து தடுத்தது. கல் உடைத்த கை. வயசு அதன் அகலத்தைக் குறைக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வீங்களாமே. சொல்லுங்க.”

“ஐயா, அது...”

“செத்துப் போயிருந்தாத்தானே சிரிக்கக் கூடாது? சொல்லுங்க.”

மூக்கு அரித்தது என்று எந்த வாயால் சொல்வேன்? “சரி, நானே சொல்றேன்” என்று அவர் தொடங்கினார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என்னைவிட நன்றாகச் சொல்கிறவர் என்று.

“நாங்கல்லாம் ஊர்ல தேர் வடம் புடிச்ச பசங்க. அதனாலதான் மண்டோர் எங்களைப் பொறுக்கி எடுத்தாரு. எங்களை மேய்க்கிற மேஸ்திரி அவரு. ‘டேய், தேரை இழுக்கிறவனுக்கு இது என்னடா, ஒரு துணிமூட்டை’ன்னாரு. புகைக்கூண்டுன்னு சொல்வோம் நாங்க. அது உப்ப உப்ப, கயிறு கையில துடிக்குது. தேர் நம்மளை இழுக்காது, நாமதான் தேரை இழுக்கணும். இது எங்களை இழுக்குது. எல்லாரும் பயந்துபோய்க் குதிகாலை ஊனிப் புடிக்கிறோம். மண்டோருக்கும் பயந்தான். புது வண்டி பூட்டினாலே சூடம் காட்டாம எடுக்க மாட்டாரு. இதை எப்படி விடுவாரு? துரை அந்தப் பக்கம் பார்க்கிறப்ப, தேங்கா உடைச்சு, வெத்தலையில சூடத்தைக் கொளுத்தி, கூண்டுக்கு முன்னால மூணு சுத்து சுத்துனாரு பாருங்க...”

அவர் நிறுத்தினார். எங்களில் பாதிப் பேருக்கு அப்போதே புரிந்துவிட்டது. தேர் நிலைகொண்டு தீபாராதனை காட்டினால் வடம் பிடித்தவர்கள் என்ன செய்வார்கள்? வடத்தைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சுடரைக் கண்டால் கை தானாகக் குவியும். அதற்கு யோசனை தேவையில்லை, உத்தரவும் தேவையில்லை.

“விட்டுட்டீங்க!” என்று கத்திவிட்டார் எழுத்துக்கோப்பவர்.

“நான் மட்டுமா? எங்க பக்கம் எட்டுப் பேரும் விட்டோம். ஏழு பேரு டக்குனு புடிச்சிட்டாங்க. நான் கண்ணை மூடிட்டேன். ‘முருகா, இது ஒழுங்காப் போகட்டும்’னு வேண்டிக்கிட்டுக் கண்ணைத் தொறக்கிறேன், கூண்டைக் காணோம். துரையையும் காணோம். மண்டோரு மட்டும் கையில சூடத்தட்டோட நிக்கிறாரு.”

முதலில் சிரித்தது வாத்தியார். அடக்கப் பார்த்து அடக்க முடியாமல், சாமி வரம் குடுத்துட்டாரே பெரியவரே, கேட்டதும் போயிடுச்சே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு எல்லோரும். பெரியவர் தோள் குலுங்கியது. மகள்தான் சிரிக்கவில்லை, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம் ஒருத்தன் ஓடியாந்து துரை விழுந்துட்டாருன்னான். மண்டோரு என் காதுல, ‘செத்துட்டாருடா, விட்ட கயிறைத் திரும்பப் புடிக்காதவன் நீதான், ஓடு’ன்னாரு. சூடத்தைக் கொளுத்துனவரு அவரு. ஓடச் சொன்னது என்னை. ஓடினேன். புக்கிட் தீமா ரோட்டோட கிராஞ்சி வரைக்கும். விடியக்காலையில ஜோகூருக்குப் படகு.”

“எள்ளுத் தண்ணி?” என்று மெல்லக் கேட்டார் மகள். அதைத்தான் அவர் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தார்.

பெரியவர் மகள் பக்கம் திரும்பினார். “அந்தாளு என்னைவிட மூத்தவரு. எப்பவோ போயிருப்பாரு. அவங்க வீட்டுல எள்ளு விடவா போறாங்க? நான் முன்கூட்டிக் குடுத்ததா இருக்கட்டும்.”

இத்தோடு முடிந்தது, இனிக் கோப்பி குடிக்கப் போகலாம் என்று நாங்கள் நினைத்தோம். அவர் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். எல்லோரும் வைத்திருப்பதுதான், அவசர காலச் சட்டத்தில் வந்தது. அதைக் கண்ணுக்குத் தூரத்தில் பிடித்து வெறித்தார்.

“படகுல ஏறுறப்ப பேரு கேட்டாங்க,” என்றார். “என் பேரைச் சொன்னா புடிச்சிருவாங்கன்னு, வாயில வந்த பேரைச் சொன்னேன். அதே பேருதான் தோட்டத்துலயும். அதே பேருதான் இதுலயும்.”

“என்னப்பா சொல்றீங்க?” மகளின் குரல் உடைந்தது. ஐம்பது வருஷமாக அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய பிள்ளைகளுக்கும் தாத்தா பெயர் என்று சொல்லிக் கொடுத்தது. “அப்ப அது யாரு பேரு?”

“மண்டோர் பேரு.” அவருக்கே அப்போதுதான் உறைத்ததுபோல் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. “வேற பேரே வாயில வரலைம்மா.”

எனக்கு நடக்க வேண்டும்போல் இருந்தது. எந்தப் பக்கமாவது, வேகமாக. ஆனால் கால் அசையவில்லை. என் வாழ்நாளில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை என்று இப்போது தோன்றுகிறது. ஒருவருக்கு அவருடைய குற்றமின்மையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் என்று அதுவரை ஒரு பெருமிதம் எனக்குள் இருந்தது. நான் கொண்டுவந்தது வெறும் வழி மட்டுமே. அதன் வழியாகத் திரும்பி வரவேண்டியது யார் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெரியவர் அட்டையை மகளின் கையில் கொடுத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கால்களைச் சேர்த்து நின்றார். தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தக் குரலில், திடல் முழுதும் கேட்கும்படி தன் பெயரைத் தானே கூப்பிட்டார். ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருக்கேன்!” என்று தானே பதிலும் சொன்னார்.

அப்பா பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர் அந்த அம்மாள். உதடு மட்டும் ஒருமுறை அசைந்தது. பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“சரியாக் காதுல விழலைப்பா. இன்னொரு தடவை கூப்பிடுங்க.”